தியெப் நகரின் இரண்டு ரேர்போ கார்கள்



வரலாறு என்றதும் அரசர்கள், போர்கள், ஒப்பந்தங்கள் என்றே கதைத்துப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு பொருளுக்கும் வரலாறு உண்டு. அதைச் செய்த கைகளுக்கும், அதைச் செய்த ஊருக்கும் வரலாறு உண்டு. இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டு கார்களை. ஒன்று 1980இல் வெளிவந்த ரெனோ 5 ரேர்போ. மற்றது 2017இல் வெளிவந்த அல்பீன் ஏ110. இரண்டுக்கும் இடையில் 37 ஆண்டுகள். இரண்டும் பிரெஞ்சுக் கார்கள். இரண்டிலும் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டும் ரேர்போ பூட்டியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டும் தியெப் என்ற ஒரே ஊரில், ஒரே தொழிற்சாலையில் இருந்து வந்தவை. இன்று சேகரிப்பாளர்கள் இரண்டையும் தேடித் திரிகிறார்கள்.

பழைய கார் சேர்ப்பது காசுக்காரரின் பொழுதுபோக்கு, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். என் பதில் இது: இந்த இரண்டு கார்களுக்குள்ளே ஒரு சின்ன ஊரின் கைத்திறன் பல தடவை அழியும் நிலைக்கு வந்து தப்பிப் பிழைத்த கதை இருக்கிறது. ஊரையும் தொழிலையும் விட்டு வந்தவர்களுக்கு அந்தக் கதை அந்நியமாக இருக்காது.

ரேர்போ என்றால் என்ன?

முதலில் இதை விளங்கிக்கொள்வோம். ஒரு கிலோ பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே ஒரு எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றைப் புகுத்த முடியுமோ, அந்த அளவுக்குத்தான் அதில் எரிபொருளை எரிக்கலாம். சாதாரண எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றோடு திருப்திப்படுகிறது. கூடுதல் வலு வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றை அமுக்கித் தள்ள வேண்டும்.

ரேர்போ இரண்டாவது வழி. எஞ்சினில் இருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறு முனையில் இன்னொரு சுழலி இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகவிருந்த புகையின் சக்தியே வேலை செய்கிறது. அமுக்கம் எல்லை மீறினால் எஞ்சின் உடைந்துவிடும் என்பதால், மிஞ்சிய புகையை வேறு வழியால் விடுவதற்கு ஒரு கதவும் உண்டு. அமுக்கிய காற்று சூடாகிவிடும். அதை ஆற்றுவதற்கு ஒரு குளிர்விப்பானும் பூட்டுவார்கள்.

இந்த எண்ணத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூரில் பிறந்த அல்பிரெட் பூஹி என்ற பொறியியலாளர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒகுஸ்த் ராத்தோ இதை விமான எஞ்சினில் பயன்படுத்தினார். உயரே போகப் போகக் காற்று மெலியும். ரேர்போ அந்தக் குறையை ஈடு செய்தது. பிறகு கப்பல்களிலும் லொறிகளிலும் டீசல் எஞ்சின்களோடு அது நிலைத்துவிட்டது. விற்பனைக் கார்களில் முதலில் வந்தது 1962இல், அமெரிக்காவில். ஐரோப்பாவில் 1973இல் பி.எம்.டபிள்யூ 2002 ரேர்போவும், அதற்கடுத்து போர்ஷ 911 ரேர்போவும், 1970களின் பிற்பகுதியில் சுவீடனின் சாப் 99 ரேர்போவும் வந்தன.

அரசாங்கத்தின் கார் நிறுவனம்

இங்கே ரெனோ நிறுவனத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் ஆக்கிரமிப்பாளருக்கு வேலை செய்தது என்ற குற்றச்சாட்டின் பேரில் 1945 ஜனவரியில் பிரெஞ்சு அரசு ரெனோவை அரசுடைமையாக்கியது. அதன் நிறுவனர் லூயி ரெனோ அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1944 ஒக்ரோபரில், தடுப்புக் காவலில் இருந்த காலத்திலேயே இறந்துபோனார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ரெனோ அரசாங்கத்தின் சொத்தாக இருந்தது. 1996இல்தான் அது தனியார்மயமானது.

அந்த அரசு நிறுவனம் பொதுசனத்துக்கான சிறிய கார்களைச் செய்து பேர் வாங்கியது. 1972இல் வந்த ரெனோ 5 அவற்றில் முக்கியமானது. மிஷேல் பூவே என்ற வடிவமைப்பாளர் வேலை நேரத்துக்கு வெளியே தன் விருப்பத்துக்கு வரைந்து பார்த்த படத்திலிருந்து பிறந்தது அது என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து பெற்றோல் விலை ஏறியது. சின்னக் காருக்கு வாசல் அகலத் திறந்தது. அந்த மாதிரியில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன.

அவற்றைச் செய்தவர்கள் யார்? பாரிசை ஒட்டிய பிய்யான்கூர், ஃபிளான் ஆகிய தொழிற்சாலைகளின் பட்டறைகளில் அல்ஜீரியர், மொரோக்கர், போர்த்துக்கேயர், ஆபிரிக்கர் எனப் பெருந்தொகையான குடியேறிகள் நின்றார்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974 ஜூலையில், பிரான்ஸ் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை நிறுத்தியது. எங்கள் ஆட்கள் 1980களில் பிரான்சுக்கு வந்து சேர்ந்தபோது தொழிலாளராக வரும் அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருந்தது. அகதியாக விண்ணப்பித்து வந்தவர்களுக்கு உணவகத்துச் சமையலறையும் துப்புரவு வேலையும்தான் முதலில் கிடைத்தன.

மஞ்சள் தேநீர்ச் சாடி

ரேர்போ ரெனோவுக்குப் பந்தயத் திடல் வழியாக வந்தது. ஃபோர்முலா 1 விதிகள் அந்நாளில் இரண்டு வகை எஞ்சினை அனுமதித்தன: ரேர்போ இல்லாத 3 லீற்றர், அல்லது ரேர்போ பூட்டிய 1.5 லீற்றர். எல்லோரும் முதலாவதையே எடுத்தார்கள். பாதி அளவு எஞ்சினை வைத்து வெல்ல முடியாது என்பதே பொது அபிப்பிராயம். ரெனோ இரண்டாவதை எடுத்தது. 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோன் திடலில் ஜான்-பியர் ஜபூயி ஓட்டிய அந்த மஞ்சள் கார் பாதியிலேயே நின்றது. அடிக்கடி வெண்புகை கக்கி நின்றதால் ஆங்கிலேயர் அதற்கு ‘மஞ்சள் தேநீர்ச் சாடி’ என்று பட்டம் வைத்துச் சிரித்தார்கள்.

சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1978இல் இரண்டு லீற்றர் ரேர்போ எஞ்சின் கொண்ட ரெனோ-அல்பீன் கார் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. 1979 ஜூலை 1ஆம் திகதி டிஜோன் திடலில் ஜபூயி ஃபோர்முலா 1 பந்தயத்தையும் வென்றார். பிரெஞ்சு ஓட்டுநர், பிரெஞ்சுக் கார், பிரெஞ்சு எஞ்சின், பிரெஞ்சு ரயர், பிரெஞ்சு மண். சில ஆண்டுகளில் சிரித்தவர்கள் எல்லோரும் ரேர்போவுக்கு மாறினார்கள். ஆனால் வழி திறந்த ரெனோவுக்கு மகுடம் கிடைக்கவில்லை. 1983இல் ரெனோவின் அலன் புரொஸ்ற் இரண்டே இரண்டு புள்ளிகளால் உலக வெற்றியை இழந்தார். ரேர்போ எஞ்சினோடு முதல் உலக வெற்றியாளரானவர் பிறபம் அணியின் நெல்சன் பிக்கே. அவரது காரில் இருந்தது ஜேர்மன் எஞ்சின்.

எஞ்சின் ஏன் பின்னிருக்கைக்கு வந்தது?

பந்தயத் திடலில் பெற்ற பேரை வீதியில் காசாக்க வேண்டும் அல்லவா? ரெனோவின் ஜான் தெராமோர்சி என்ற அதிகாரி, மலைப்பாதை ராலிப் பந்தயங்களில் வெல்லக்கூடிய ஒரு ரெனோ 5 வேண்டும் என்று முன்மொழிந்தார். விதிப்படி அப்படியான காரைப் பந்தயத்தில் இறக்க வேண்டுமென்றால், குறைந்தது 400 கார்களாவது செய்து பொதுமக்களுக்கு விற்கத்தக்கதாக இருக்க வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் இந்தக் கார் பிறந்தேயிராது.

சாதாரண ரெனோ 5இல் எஞ்சின் முன்னால், முன்சில்லுகளே இழுக்கும். பெரும் வலுவை முன்சில்லுகளுக்குக் கொடுத்தால் கார் நேரே நிற்காது. ஆகவே உடற்கூட்டை வெட்டி மாற்றி, பின்னிருக்கையைத் தூக்கி எறிந்து, அந்த இடத்தில் எஞ்சினை வைத்தார்கள். பின்சில்லுகள் அகன்றன, அவற்றை மூடப் பின்பக்கம் இரண்டு புறமும் புடைத்தது. இத்தாலியின் பேர்த்தோனே நிறுவனத்தில் மார்க் தெஷாம் அந்தத் தோற்றத்தை வரைந்தார். உள்ளே இருக்கைகளையும் கருவிப்பலகையையும் மாரியோ பெல்லினி என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர் வடிவமைத்தார். கண்ணைக் குத்தும் நீலமும் சிவப்பும்! விரும்பினவர்களும் உண்டு, வெறுத்தவர்களும் உண்டு.

எஞ்சினைப் பாருங்கள். அது 1962இல் நோர்மண்டியின் கிளெயோன் தொழிற்சாலையில் பிறந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் வழிவந்தது. அளவு 1397 சி.சி. ஏன் புதிதாகப் பெரிய எஞ்சின் செய்யவில்லை? விடை கணக்கில் இருக்கிறது. பந்தய விதிப்படி ரேர்போ எஞ்சினின் அளவை 1.4ஆல் பெருக்கியே அதன் வகுப்பைத் தீர்மானிப்பார்கள். 1397ஐ 1.4ஆல் பெருக்கினால் 1956 சி.சி. வரும். இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கீழே! பெரிய வகுப்புக்குத் தள்ளப்படாமல், பழைய எஞ்சினையே வைத்து அந்த எல்லைக்குள் நின்றார்கள்.

இதே எஞ்சின் ரேர்போ இல்லாமல் ரெனோ 5 அல்பீன் மாதிரியில் 93 குதிரைவலு கொடுத்தது. கரெற் நிறுவனத்தின் ரேர்போவும் பொஷ் எரிபொருள் செலுத்தியும் பூட்டியதும் அது 160 ஆனது. கார் 1980 ஜனவரியில் பிரசெல்ஸ் கண்காட்சியில் விற்பனைக்கு அறிமுகமானது. 1981 ஜனவரியில் ஜான் ரான்யொத்தி அதைக் கொண்டு மொன்ரே கார்லோ ராலியை வென்றார். நான்கு சில்லுகளாலும் இழுக்கும் புதிய அவுடி குவாற்றோ அந்தப் பந்தயத்தின் ஆரம்பத்தில் பனியில் எல்லோரையும் பின்தள்ளி ஓடியது. வருங்காலம் யார் பக்கம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் ரான்யொத்தி 1982இலும் 1985இலும் கோர்சிக்காத் தீவின் தார்ப்பாதைகளில் இந்தக் காரின் வகைகளோடு வென்றார். 1985இல் வென்றது 350 குதிரைவலு கொண்ட பெரிய வகை.

கடைசி உலக ராலி வெற்றி 1986இல் போர்த்துக்கலில். அதைக் கொண்டாட முடியாது. அந்தப் பந்தயத்தில் வேறொரு நிறுவனத்தின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர் மூவர் இறந்தார்கள். பெரிய அணிகளின் ஓட்டுநர்கள் விலகிக்கொள்ள, மீதமிருந்தவர்களில் முன்னணியில் வந்த ஹோக்கிம் மூத்தின்யோ ரெனோ 5 ரேர்போவோடு வென்றார். இரண்டு மாதங்களில் கோர்சிக்காவில் ஹென்றி ரொய்வொனனும் அவரது துணைவரும் எரிந்து இறந்தார்கள். வலுவுக்கு எல்லை வைக்காத அந்தப் பந்தய வகை அந்த ஆண்டோடு முடிவுக்கு வந்தது.

தியெப்பும் ரெதெலேயும்

இனி ஊருக்கு வருவோம். தியெப் நோர்மண்டிக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். கனடாவில் வாழும் எங்கள் உறவுகள் இந்தப் பேரை வேறு காரணத்துக்காக அறிந்திருப்பார்கள்: 1942 ஓகஸ்ற் 19இல் இந்தக் கரையில் இறங்கிய கனேடியப் படையினரில் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பின்னர் அந்த ஊரில் ரெனோ விற்பனை நிலையம் நடத்தியவர் ஜான் ரெதெலே என்ற இளைஞர். ரெனோவின் சிறிய 4சிவி காரைத் திருத்தித் திருத்திப் பந்தயங்களில் ஓட்டினார். அல்ப்ஸ் மலைப் பாதைகளில் ஓடிய இன்பத்தை நினைவில் வைத்து, 1955இல் தான் தொடங்கிய நிறுவனத்துக்கு அல்பீன் என்று பேர் வைத்தார். பெரிய எஞ்சின் அவரிடம் இல்லை. ஆகவே ரெனோ எஞ்சினை வைத்து, பாரத்தைக் குறைத்து, வேகத்தைத் தேடினார். 1962இல் வந்த அவரது ஏ110 என்ற கார் கண்ணாடி இழை உடலோடு காற்றில் பறப்பதுபோல ஓடியது. 1973இல், உலக ராலி உற்பத்தியாளர் போட்டி தொடங்கிய முதல் ஆண்டிலேயே, வெற்றி இந்தச் சின்ன நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதே காலத்தில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. நிறுவனத்தின் கட்டுப்பாடு ரெனோவின் கைக்குப் போனது.

ரெனோ 5 ரேர்போ தியெப்புக்கு வந்தது இப்படித்தான். பெரிய தொழிற்சாலையின் ஓடும் பட்டியில் இப்படியான காரைச் செய்ய முடியாது. கையால் பொருத்தத் தெரிந்தவர்கள் தியெப்பில் இருந்தார்கள்.

கெட்ட காலமும் நீண்ட இடைவெளியும்

1984இல் ரெனோ ஏறத்தாழ 12.5 பில்லியன் பிராங் நட்டம் காட்டியது. அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்த ஜோர்ஜ் பெஸ் ஆயிரக்கணக்கான வேலைகளைக் குறைத்தார். ஃபோர்முலா 1 அணியையும் மூடினார். 1986 நவம்பர் 17இல் பாரிசில் தன் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தீவிர இடதுசாரிக் குழுவொன்று அதற்கு உரிமை கோரியது. 1992 மார்ச் 31இல் பிய்யான்கூரின் செகான் தீவுத் தொழிற்சாலை கடைசிக் காரைச் செய்துவிட்டு மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் குடியேறிகளின் வியர்வை சிந்திய இடம் அது.

1995இல் அல்பீன் என்ற பேரும் நின்றது. ஆனால் தியெப் தொழிற்சாலை நிற்கவில்லை. பேரை இழந்தும் வேலையைக் கைவிடாமல் ரெனோவின் விளையாட்டுக் கார்களைச் செய்தது. கிளியோவின் வேகமான வகைகள் பல அங்கிருந்துதான் வந்தன. 2007இல் ரெதெலே இறந்தபோது அல்பீன் என்ற பேரில் ஒரு புதிய கார்கூட வீதியில் இல்லை. 2012இல் ரெனோ ஆங்கிலேயக் கேற்றர்ஹாம் நிறுவனத்தோடு சேர்ந்து அல்பீனை உயிர்ப்பிக்க ஒப்பந்தம் செய்தது. 2014இல் அந்தக் கூட்டு முறிந்தது. ரெனோ தனியே தொடர்ந்தது.

2017 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் புதிய ஏ110 வந்து நின்றது. முதற் பதிப்பாக 1955 கார்கள் மட்டும், பிரான்சில் ஒன்றின் விலை 58,500 யூரோ. நிறுவனம் தொடங்கிய ஆண்டை நினைவூட்டவே அந்த எண்ணிக்கை. சில நாட்களிலேயே எல்லாம் பதிவாகி முடிந்தன. அதே 2017இல் செகான் தீவில் பழைய தொழிற்சாலை இருந்த நிலத்தில் ஒரு பெரிய இசை அரங்கு திறக்கப்பட்டது. ஓரிடத்தில் தொழில் நினைவாக மாறியது. இன்னோரிடத்தில் நினைவு மீண்டும் தொழிலாக மாறியது.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால்

ரெனோ 5 ரேர்போ: 1397 சி.சி., 160 குதிரைவலு, பாரம் 970 கிலோ அளவில், ஐந்து கியர், கையால் மாற்ற வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 200 கிலோமீற்றர். நீளம் 3.66 மீற்றர் மட்டுமே.

அல்பீன் ஏ110: 1798 சி.சி., முதல் வகையில் 252 குதிரைவலு, பாரம் ஏறத்தாழ 1100 கிலோ, ஏழு கியர், தானாக மாறும் இரட்டைக் கிளச். உச்ச வேகம் 250. அடிக்கட்டும் உடலும் பெரும்பாலும் அலுமினியம். பசையாலும் தறையாணியாலும் பொருத்தியது. அக்காலப் போர்ஷ கேமன் 1300 கிலோவுக்கும் மேல். அதோடு ஒப்பிட்டால் ரெதெலேயின் பழைய பாடத்தைத் தியெப் மறக்கவில்லை என்பது விளங்கும்.

எண்களில் தெரியாத வித்தியாசம் ஒன்று உண்டு. பழைய ரேர்போவில் மிதியை அழுத்தினால் உடனே ஒன்றும் நடக்காது. புகை சேர்ந்து, சுழலி வேகமெடுத்து, அமுக்கம் ஏறும்வரை பழைய குடும்பக் கார்போல ஊரும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டியதும் முதுகில் யாரோ உதைத்தாற்போல் பாயும். வளைவின் நடுவில் அந்த உதை வந்தால் கதை கந்தல். ரான்யொத்தி போன்றவர்கள் வளைவு வருமுன்பே மிதியை அழுத்தி, உதை வரும் கணத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஓட்டினார்கள். புதிய ஏ110இல் முழு இழுவிசை 2000 சுற்றிலேயே கிடைக்கிறது. எடை குறைந்த சுழலிகளும், அமுக்கத்தை ஒவ்வொரு கணமும் கவனிக்கும் கணினியும், நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் எரிபொருளும் அந்தக் காத்திருப்பைக் குறைத்துவிட்டன.

எது உயர்ந்தது? ஓட்டுவதற்கு ஏ110 என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாதாரண மனிதர் மழை நாளிலும் வேலைக்குக் கொண்டு போகலாம். ஆனால் வரலாறு என்று வந்தால் ரெனோ 5 ரேர்போவே என் தெரிவு. ஏ110 முன்னோரின் முகச்சாயலோடு பிறந்த பேரப்பிள்ளை. அது எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. ரெனோ 5 ரேர்போவுக்கு முன்மாதிரி கிடையாது. பழைய இரும்பு எஞ்சின், பொதுசனத்துக் கார், ஒரு பந்தய விதி, ஒரு பெருக்கற் கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இருந்ததிலிருந்தே புதியதொன்றைச் செய்தார்கள். இல்லாமைக்குள் இருந்து வழி கண்டவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு பட்சம் உண்டு.

சேகரிப்பாளர் எதைத் தேடுகிறார்?

ரெனோ 5 ரேர்போவில் இரண்டு வகை. 1980 முதல் வந்த முதல் வகையில் கூரை, கதவுகள், பின்கதவு அலுமினியம். உள்ளே பெல்லினியின் இருக்கைகள். 1983இல் வந்த இரண்டாம் வகையில் செலவைக் குறைக்கச் சாதாரண ரெனோ 5இன் இரும்புத் தகடுகளையும் உள்ளமைப்பையும் போட்டார்கள். வலு அதேதான். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5000 கார்கள். முதல் வகைக்கே மதிப்புக் கூட. நல்ல நிலையில் உள்ளவை ஓர் இலட்சம் யூரோவைத் தாண்டி விலைபோயிருக்கின்றன.

விலையைத் தீர்மானிப்பது மினுக்கம் அல்ல. எஞ்சின் இலக்கமும் உடற்கூட்டு இலக்கமும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். முதற் பதிவுப் பத்திரம், பழுதுபார்த்த சிட்டைகள், பழைய உரிமையாளரின் கடிதங்கள் எல்லாம் வேண்டும். இரண்டு கார்கள் ஒரே மாதிரி இருந்தாலும், கடதாசி உள்ளது ஒரு விலை, கடதாசி இல்லாதது வேறு விலை. நான் யார், எங்கே பிறந்தேன் என்று நிரூபிக்க ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்த எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இளைய நேயர்களுக்கு ஒரு சொல். கார் வாங்கி வைத்தால் விலை ஏறும் என்று எவர் சொன்னாலும் கடன்பட்டு இறங்காதீர்கள். பழைய காரின் எரிபொருள் செலுத்தியைச் சரிப்படுத்தத் தெரிந்த கைகள் அருகி வருகின்றன. புதியதன் பசை போட்ட அலுமினிய உடலில் பெரிய அடி விழுந்தால் மூலையில் உள்ள கராஜில் நிமிர்த்த முடியாது. பார்க்க ஆசையென்றால் பாரிசில் ஆண்டுதோறும் நடக்கும் ரெற்றோமொபில் கண்காட்சிக்குப் போய்வாருங்கள். அதைவிடச் சிறந்தது, அந்தப் பழுதுபார்க்கும் தொழிலைப் படிப்பது. கார் பூட்டிய கொட்டகைக்குள் நின்று விலை ஏறலாம். அதை ஓட வைக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது வெறும் தகரம்தான்.

ரேர்போவுக்குப் பிறகு

1980இல் அபூர்வமாக இருந்த ரேர்போ இன்று சந்தைக்குப் போகும் காரிலும் இருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் எஞ்சினைச் சிறிதாக்கச் சொன்னபோது, சிறிய எஞ்சினுக்கு வலுக் கொடுக்க எல்லா நிறுவனமும் ரேர்போவையே நாடின. 2021இல் ரெனோ கைகர் என்ற ஒரு லீற்றர் ரேர்போ கார் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதைப் பொருத்தியது சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலை. தியெப்பில் தொடங்கிய கதை சுற்றிச் சுற்றித் தமிழர் கைகளுக்கும் வந்துவிட்டது.

தியெப்புக்கு 2020இல் மீண்டும் ஆபத்து வந்தது. அந்த மே மாதம் ரெனோ அறிவித்த செலவுக் குறைப்புத் திட்டத்தில், ஏ110 முடிந்த பின்னர் அந்தத் தொழிற்சாலைக்கு என்ன நடக்கும் என்பது கேள்விக்குறியாக விடப்பட்டது. ஏறத்தாழ 400 குடும்பங்களின் சோறு அது. 2021 ஜனவரியில் முடிவு மாறியது: அல்பீன் தொடரும், ஆனால் மின்சாரக் கார் நிறுவனமாக. 2025இல் காட்டப்பட்ட ஏ390 என்ற மின்சாரக் காரைப் பொருத்தும் வேலை தியெப்புக்கே கிடைத்தது. அதில் புகையும் இல்லை, சுழலியும் இல்லை.

ரெனோவும் 2025இல் ‘5 ரேர்போ 3ஈ’ என்ற காரின் விபரத்தை வெளியிட்டது. 540 குதிரைவலு, மொத்தம் 1980 கார்கள் மட்டும், பின்சில்லு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மின்மோட்டார். ரேர்போ என்பது பேரில் மட்டும்தான் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதையும் தேடுவார்கள்.

பேர் தங்கிவிடுகிறது, பொருள் மாறிவிடுகிறது. இதற்காக வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் தியெப்பின் வேலைக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். 1955 முதல் கண்ணாடி இழை, பிறகு இரும்பு, பிறகு அலுமினியம், இப்போது மின்கலம். எது வந்தாலும் படித்துக்கொண்டார்கள். பட்டறையை மட்டும் விடவில்லை. சேர்த்துவைக்கத் தக்கது அந்தப் பழக்கம்தான் என்பது என் எண்ணம்.

அடுத்த மாதம் இன்னொரு வரலாற்றோடு சந்திப்போம்.